நூத்தம்பது ஏஹெச் மாமா

ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை உள்ள பட்டையில் கண்ணாடிச் சன்னல் வைத்துக் கட்டடம் கட்டுகிறவர்கள்மேல் எனக்கு எப்போதும் மரியாதை உண்டு. துணிச்சல்காரர்கள். கடல் காற்றில் வரும் உப்பு, கன்டெய்னர் லாரிகள் கிளப்பும் புழுதி, புகைக்கூண்டுப் பக்கமிருந்து இறங்கும் சாம்பல் எல்லாம் சேர்ந்து, காலையில் துடைத்த கண்ணாடியில் சாயங்காலம் விரலாலேயே கோலம் போடலாம். ராயபுரத்துக்காரர்கள் இதில் திருவொற்றியூர்க்காரர்களான எங்களுக்கெல்லாம் சீனியர்கள். சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரியும் இரும்புத் தாதும் கையாண்ட காலத்தில் அவர்கள் வீட்டுத் தரை, துணி, தட்டு எல்லாவற்றிலும் கறுப்பு. உயர் நீதிமன்றம் தலையிட்டு, 2011 அக்டோபர் முதல் அங்கே நிலக்கரியும் இரும்புத் தாதும் கையாளக் கூடாது என்று நிறுத்தியது. நிலக்கரி எங்கே போயிற்று? வடக்கே, எண்ணூர்த் துறைமுகத்துக்கு. அந்தத் துறைமுகத்துக்கு 2014-ல் காமராஜர் பெயரும் வைத்தார்கள். கரியின் நிறம் மட்டும் மாறவில்லை.

இந்த அழுக்குக்குள் ஒரு தொழில் ஒளிந்திருக்கிறது என்று கண்டுபிடித்தவன் என் மச்சான், அதாவது என் மனைவியின் தம்பி. இங்கிலாந்தில் சன்னல் துடைக்கிறவர்கள் ஏணியே ஏறுவதில்லையாம். உயரத்தில் வேலை செய்வதற்கென்று 2005-ல் அங்கே கறாராக விதிமுறை வந்ததிலிருந்து, வேனுக்குள் தண்ணீர்த் தொட்டியும் பம்பும் வைத்துக்கொண்டு, தரையில் நின்றபடியே நீளக் கழியின் நுனியில் பிரஷ் மாட்டித் தேய்ப்பது பரவிவிட்டது. தண்ணீர் கழிக்குள்ளேயே ஏறிப் போய் மேலே பீய்ச்சும். இதை வீடியோவில் பார்த்துவிட்டு அவன் ஒரு பழைய ஆம்னி வேனை வாங்கினான். பின் சீட்டைக் கழற்றினான். 200 லிட்டர் தொட்டி, 12 வோல்ட் பம்பு, ஹோஸ், கழி. எம்.சி. ரோட்டில் கண்ணாடி முகப்பு வைத்த ஜவுளிக்கடைகள் வரிசையாக இருக்கின்றன. ராயபுரம், தண்டையார்பேட்டையில் வங்கி, கிளினிக், நகைக்கடை. பேசி முடித்துவிட்டான். பேட்டரி ஒன்றுதான் பாக்கி.

அங்கேதான் நான் உள்ளே நுழைந்தேன். என்னை அவன் ஆலோசகராகக் கூப்பிடவில்லை. நானாகச் சேர்ந்துகொண்டேன்.

பேட்டரி விஷயத்தில் எனக்குள்ள தகுதியைச் சொல்லிவிடுகிறேன். எண்ணூர் அனல் மின் நிலையம் 1970-லிருந்து எங்கள் கண்ணெதிரே புகைவிட்டுக்கொண்டு நின்றது. அதன் நிறுவு திறன் 450 மெகாவாட். 2017-ல் மூடிவிட்டார்கள். அதற்கும் வடக்கே அத்திப்பட்டுப் பக்கம் வடசென்னை அனல் மின் நிலையம். ஊருக்கெல்லாம் மின்சாரம் காய்ச்சுகிற அடுப்பங்கரை இது. அந்த அடுப்பங்கரையில் உட்கார்ந்துகொண்டே 2012-ல் நாங்கள் பனையோலை விசிறியைத் தேடினோம். சென்னைக்குத் தினமும் இரண்டு மணி நேரம் மின்வெட்டு. வெளியூர்ச் சொந்தக்காரர்களிடம் புலம்பினால், "ரெண்டு மணி நேரந்தானா? கொடுத்து வச்சவங்க" என்று போனை வைத்துவிடுவார்கள். அப்போது வீட்டுக்கு ஒரு இன்வர்ட்டர் வாங்கினேன். அதுதான் என் பட்டம், பட்ட மேற்படிப்பு, முனைவர் ஆய்வு எல்லாம். தெருவில் யார் வீட்டு இன்வர்ட்டர் 'பீப் பீப்' என்று கத்தினாலும் நான் மூக்குக் கண்ணாடியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவேன்.

காலடிப்பேட்டைப் பக்கம் ஒரு பேட்டரி கடை. கடைக்கார பாய் அளந்து பேசுகிற பெரியவர்.

"வண்டிக்கா, வூட்டுக்கா சார்?" என்றார்.

"வண்டிக்குள்ளதான், ஆனா வண்டிக்கு இல்ல" என்றேன். நுட்பமான பதில் என்று நினைத்தேன். மச்சான் குறுக்கே வந்து பம்பு விஷயத்தைச் சொன்னான்.

பாய் ஒரு விளக்கம் கொடுத்தார். கார் பேட்டரிக்குள் தகடுகள் மெல்லிசு, எண்ணிக்கையில் அதிகம். இன்ஜினைக் கிளப்பச் சில விநாடிகள் மொத்தமாகக் கரண்ட்டைக் கொட்டிவிட்டு ஓய்ந்துவிடும். அப்புறம் வண்டியே அதை நிரப்பிவிடும். அதைப் பம்பில் மாட்டி அடிமட்டம் வரை உறிஞ்சினால் சீக்கிரமே படுத்துவிடும். இன்வர்ட்டருக்குப் போடுகிற ட்யூபுலர் வேறு ஜாதி. பாசிட்டிவ் பக்கத்தில் தகட்டுக்குப் பதில் குழல் குழலாக வைத்து, அதில் ஈய ஆக்சைடுப் பொடியை அடைத்திருப்பார்கள். நிதானமாக, ரொம்ப நேரம், ஆழமாக எடுக்கலாம். ஆனால் கனம். நேராக நிற்க வேண்டும். ஆசிட் தளும்பக் கூடாது. சார்ஜ் ஏறும்போது காற்றோட்டம் வேண்டும். "வண்டிக்குன்னா சீல் பண்ணது பாருங்க சார். கம்மி ஏஹெச் போதும்."

கம்மி என்ற சொல் எனக்கு ஆகாது. "பெருசு எது பாய்?"

"நூத்தம்பது இருக்கு. சார்ஜ் எப்டி ஏத்துவீங்க?"

"அது ஏறிடும் பாய்."

கடையில் இருந்த அத்தனை பேரிலும் விஷயத்தின் ஆணிவேரைத் தொட்டுக் கேட்டவர் அவர் ஒருவர்தான். அதற்கு நான் கையை வீசிப் பதில் சொன்ன தோரணையை மச்சான் இன்றைக்கும் கல்யாண வீடுகளில் நடித்துக் காட்டுகிறான். பாய் அதற்கு மேல் வாதாடவில்லை; வண்டியில் வைத்தால் வாரண்டி கிடையாது என்பதை மட்டும் எனக்குக் கேட்கும்படி சொல்லிவிட்டு பில் போட்டார். 150 ஏஹெச், அதாவது 150 ஆம்பியர்-மணி, சி20. அந்த சி20-க்கும் அவரே பொருள் சொன்னார்: ஏழரை ஆம்பியர் வீதம் 20 மணி நேரம் எடுத்தால்தான் 150 கிடைக்கும், அவசரமாக உறிஞ்சினால் அவ்வளவு தேறாது. ஏழரை என்று காதில் விழுந்தபோதே ஒரு சனீஸ்வரன் கோயில் பக்கம் போயிருக்க வேண்டும். நான் பில்லை மடித்துப் பையில் வைத்தேன்.

அறுபது கிலோவுக்குப் பக்கத்தில் இருந்தது அது. நாலு பேர் சேர்ந்து ஆம்னிக்குள் ஏற்றியதும் வண்டியின் பின்பக்கம் ஒரு பெருமூச்சு விட்டு இறங்கியது. தொட்டியில் தண்ணீர் நிரப்பியதும் இன்னும் இறங்கியது. எல்லாம் துறந்த பட்டினத்தார் அடங்கிய ஊர் எங்கள் திருவொற்றியூர். அவர் சமாதியைத் தாண்டித்தான் அந்த வண்டியை ஓட்டிக்கொண்டு போனோம்.

அன்று ராத்திரி என் மகள், பத்தாவது படிக்கிறவள், தினசரி காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கத்தில் ஒரு கணக்குப் போட்டாள். தொட்டி 200 லிட்டர். பிரஷ்ஷுக்கு நிமிஷத்துக்கு இரண்டு லிட்டர் போதும் என்று மாமா சொல்கிறார். ஆக 100 நிமிஷம். பம்பு எடுப்பது ஐந்து ஆம்பியர். நூறு நிமிஷத்துக்கு எட்டுச் சொச்சம் ஆம்பியர்-மணி.

"ஒரு தொட்டிக்கு ஒம்பது ஏஹெச் கூட இல்லப்பா. நூத்தம்பது எதுக்கு?"

"நாளைக்குத் தொழில் பெருகும்ல" என்றேன்.

"பெருகினா தண்ணிதானேப்பா முதல்ல தீரும்?"

பொதுத்தேர்வு நெருங்குகிற நேரத்தில் பிள்ளைகள் இப்படி வெளிக் கணக்குகளில் மூளையைச் செலவழிக்கக் கூடாது என்று அறிவுரை சொல்லி அனுப்பினேன்.

சார்ஜ் விஷயத்தில் என்னிடம் திட்டமே இல்லை என்று யாரும் சொல்லக் கூடாது. பிரமாதமான திட்டம் இருந்தது. வண்டியின் ஆல்டர்னேட்டரிலிருந்து பின்பக்கத்துக்கு ஒரு வயர் இழுத்துவிட்டால், ஓட ஓடத் தானே ஏறிக்கொள்ளும். தேரடியிலிருந்து ராயபுரம் போவதற்குள் கன்டெய்னர் லாரி வரிசையில் எத்தனை நேரம் நிற்கிறோம்? அந்த நேரமெல்லாம் இன்ஜின் ஓடத்தானே செய்கிறது? வடசென்னை நெரிசலிலிருந்து மின்சாரம் எடுக்கும் முதல் மனிதன் நான் என்று மனைவியிடம் சொல்லிக்கொண்டேன். அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள், தலையை நிமிர்த்தவில்லை.

ஆனால் இன்ஜின் சும்மா உறுமும்போது ஆல்டர்னேட்டர் கொடுப்பது சொற்பம். அந்தச் சொற்பத்திலும் முகப்பு விளக்கு, வைப்பர், மச்சானின் இளையராஜா எல்லாரும் முதல் பந்தியில் உட்கார்ந்துவிடுவார்கள். அதற்கு மேல் என் வயர். வீட்டில் மிச்சமிருந்த ஒன்றரை ஸ்கொயர் எம்எம் வயரை வீணாக்க மனம் வராமல் அதையே இழுத்திருந்தேன். முன்னாலிருந்து பின்னால் போய்த் திரும்ப ஆறு மீட்டர். பத்து ஆம்பியர் ஓடினால் இந்த வயரிலேயே முக்கால் வோல்ட் கரைந்துவிடும். ஆல்டர்னேட்டர் தருவது பதினாலு வோல்ட்டும் கொஞ்சமும். பேட்டரி வாசலுக்கு வந்து சேர்வது பதின்மூன்றரை. ட்யூபுலர் வயிறு நிறையப் பதினாலரைக்குப் பக்கத்தில் கேட்கும். பத்து ஸ்கொயர் எம்எம் போட்டிருந்தால் கால் வோல்ட்கூடப் போயிருக்காது. வயர் இலவசமாகக் கிடைத்ததே என்று மகிழ்ந்தவன் நான்.

இன்னொன்றும் உண்டு. இன்ஜின் ஓடும்போது மட்டும் இரண்டு பேட்டரியையும் சேர்த்துவைத்து, இன்ஜின் நின்றதும் பிரித்துவிடுகிற ரிலே ஒன்று நடுவில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் பம்பு இரண்டையும் சேர்த்துக் குடிக்கும். எம்.சி. ரோட்டில், சாயங்காலக் கூட்டத்தில், கண்ணாடி பளபளக்கத் துடைத்து முடித்த ஜவுளிக்கடை வாசலில் மச்சான் சாவியைத் திருப்பினான். 'டிக்' என்றது. அவ்வளவுதான். சேலை எடுத்துப் போட்டுக்கொண்டிருந்த பையன்கள் இறங்கி வந்து வண்டியைத் தள்ளினார்கள். நான் ஸ்டியரிங் பக்கம் நடந்துகொண்டே வழிகாட்டினேன். ஆலோசகர்கள் தள்ளுவது வழக்கமில்லை.

அதன் பிறகு ராத்திரி வீட்டுக் கரண்ட்டில் சார்ஜ் ஏற்றுவது என்று முடிவாயிற்று. எங்கள் வீடு முதல் மாடி; வண்டி நிற்பது தெருவில். சன்னல் வழியாக ஒரு வயரைக் கீழே விட்டு, எதிர்வீட்டு முருங்கைக் கிளையில் ஒரு சுற்றுச் சுற்றி, வேனுக்குள் இறக்கினேன். விடிந்து பார்த்தால் எதிர்வீட்டு அக்கா அதன்மேல் இரண்டு பாவாடையும் ஒரு துண்டும் காயப்போட்டிருந்தார். "கரண்டு ஓடுதுக்கா" என்று அலறினேன். "அதான் சீக்கிரம் காயுது போல" என்றார்.

ஈய பேட்டரி எவ்வளவு மெதுவாகச் சாப்பிடும் என்பது அப்போதுதான் உறைத்தது. ஏஹெச்சில் பத்தில் ஒரு பங்கு ஆம்பியர் என்பது பொது வழக்கு, 150-க்கு 15. காலியான பேட்டரி என்றால் பத்து மணி நேரமாவது ஆகும், அதற்கு மேலும் ஆகும். முதல் எண்பது சதவீதம் சரசரவென்று ஏறிவிடும், மிச்சம்தான் இழுவை. ஷேர் ஆட்டோவில் முதல் ஆறு பேர் மளமளவென்று ஏறிக்கொள்வார்கள், கடைசி ரெண்டு பேருக்காக டோல்கேட்டில் அரை மணி நேரம் நிறுத்தி வைத்திருப்பாரே, அந்தக் கதை. போதும் என்று நடுவில் பிடுங்கிக்கொண்டு கிளம்பினால் தகட்டில் படிந்த ஈய சல்பேட் கரையாமல் இறுகிவிடும். அப்படி அரைவயிற்றோடு நாள்கணக்கில் ஓட்டினால் 150 என்பது ஸ்டிக்கரில் மட்டும் இருக்கும்.

சார்ஜர் என்று நான் வைத்திருந்ததும் ஒரு மெக்கானிக் ஷெட்டில் கழித்துப் போட்ட பழைய இரும்புப் பெட்டி. நிறைந்ததும் தானாகக் குறைத்துக்கொள்ளும் பழக்கமெல்லாம் அதற்குக் கிடையாது. ஒரு ராத்திரி தெரு முழுக்க அழுகின முட்டை நாற்றம். திருவொற்றியூரில் நாற்றம் வந்தால் யாரும் தன் வீட்டைத் தேடுவதில்லை. எல்லாரும் ஆலைகள் உள்ள மணலி இருக்கும் திக்கைப் பார்த்து மூக்கைப் பொத்திக்கொண்டு திட்டுவார்கள். நானும் மொட்டைமாடியில் நின்று நன்றாகத் திட்டினேன். பக்கத்து வீட்டுக்காரர் புகார் கொடுக்கலாம் என்றார். முதல் கையெழுத்து என்னுடையது என்றேன். அப்போது மகள் கீழேயிருந்து கூப்பிட்டாள்: "அப்பா, வண்டிகிட்ட வந்தா நாத்தம் ஜாஸ்தியா இருக்கு."

சிரிக்கிற விஷயம் அத்தோடு முடிகிறது. அளவுக்கு மேல் சார்ஜ் ஏறும் ஈய பேட்டரி ஹைட்ரஜனையும் விடும். மூடின வேனுக்குள் அது காற்றில் நாலு சதவீதம் சேர்ந்தாலே ஒரு பொறி போதும். டெர்மினலில் கிளிப்பைக் கழற்றும்போது பொறி பறப்பது சகஜம். முதலில் பிளக்கைப் பிடுங்க வேண்டும், கதவையெல்லாம் திறந்துவிட்டுக் காத்திருக்க வேண்டும், அப்புறம்தான் கிளிப்பில் கை வைக்க வேண்டும். அன்று அதை ஒழுங்காகச் செய்தவள் என் மனைவி. நான் புகார் மனுவின் வாசகத்தை யோசித்துக்கொண்டிருந்தேன்.

தண்ணீர் விஷயம் தனிப் புராணம். கண்ணாடியைக் கழியால் கழுவி, துடைக்காமல் காயவிடுவதால் தண்ணீரில் உப்பு இருக்கக் கூடாது. இருந்தால் காய்ந்ததும் வெள்ளைப் புள்ளி விழும். குடிக்கிற தண்ணீரில் லிட்டருக்கு 500 மில்லிகிராம் கரைபொருள் வரை பரவாயில்லை என்று இந்தியத் தரம் சொல்கிறது. கண்ணாடிக்கு அது பூஜ்யத்துக்குப் பக்கத்தில் வர வேண்டும். எங்கள் போர் தண்ணீரோ சமுத்திரத்துக்குச் சித்தப்பா பிள்ளை. மச்சான் ஆர்ஓ மெஷின், அதற்கு மேல் ரெசின் குடுவை என்று வைத்துச் சமாளித்தான். பேட்டரிக்கும் அதே மாதிரி சுத்தத் தண்ணீர் வேண்டும். டிஸ்டில்டு வாட்டர் கேனில் விற்கிறது. காசு கொடுத்து எதற்கு என்று ஏசியிலிருந்து சொட்டுவதை வாளியில் பிடித்தேன். கரைபொருளை அளக்கும் டிடிஎஸ் மீட்டரை விட்டுப் பார்த்தால் எண் அழகாகக் குறைவாக இருந்தது. பாயிடம் காட்டினேன். மீட்டரைப் பார்க்காமல் வாளியின் அடியைப் பார்த்தார். தூசி, கறுப்பாக ஏதோ பிசிறு. "ஏசிக்குள்ள செம்புக் குழாய், அலுமினியத் தகடு எல்லாத்தையும் தொட்டுட்டு வருது சார் இந்தத் தண்ணி. செடிக்கு ஊத்துங்க" என்றார்.

அவரே ஒரு ஹைட்ரோமீட்டரையும் கொடுத்தனுப்பினார். கண்ணாடிக் குழாய், உச்சியில் ரப்பர் குமிழ், உள்ளே மிதக்கும் இன்னொரு சின்னக் குழாயில் பச்சை, வெள்ளை, சிவப்புக் கோடு. குமிழை அழுத்தி ஆசிட்டை உறிஞ்சினால் மிதவை எழும்பி ஒரு நிறத்தில் நிற்கும். 1250-க்கு மேல் காட்டினால் நிறைவு. 1150-க்குக் கீழே என்றால் பட்டினி. ஆறு மூடியையும் திறந்து ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். ஒரு டாக்டரின் கம்பீரத்தோடு தினமும் பார்த்தேன். லுங்கியில் ரெண்டு சொட்டு விழுந்தது தெரியவே இல்லை. ஆசிட் பட்ட பருத்தித் துணி அப்போது ஒன்றும் சொல்லாது. துவைத்துப் பிழியும்போதுதான் பட்ட இடமெல்லாம் மாவாக உதிர்ந்து ஓட்டையாகும். லுங்கியை விரித்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்த என் மனைவி, "கொசுவலைக்கு ஆகும்" என்று மடித்து வைத்தாள்.

ராயபுரம் ரயில் நிலையம் திறந்தது 1856-ல். பிரான்சில் காஸ்டன் பிளான்டே திரும்பத் திரும்பச் சார்ஜ் ஏற்றக்கூடிய ஈய பேட்டரியைக் கண்டுபிடித்தது 1859-ல். அதாவது எங்கள் ஸ்டேஷன், இந்த பேட்டரிக்கு மூன்று வயது மூத்தது. இதை நான் மச்சானிடம் பெருமையாகச் சொன்னபோது, "அதான் மாமா ரெண்டும் ஒரே ஸ்பீடுல போகுது" என்று சொல்லிவிட்டு அவன் பாட்டுக்கு ரிச்சி தெருவுக்குக் கிளம்பிப் போனான். திரும்பி வரும்போது டிபன் கேரியர் அளவில் ஒன்றை ஒற்றைக் கையில் தூக்கிக்கொண்டு வந்தான். லித்தியம் இரும்பு பாஸ்பேட். 12.8 வோல்ட், 30 ஏஹெச். கூடவே அதற்கென்றே உள்ள 14.6 வோல்ட் சார்ஜர்.

"லித்தியம் வெடிக்கும்டா" என்றேன். போனில் இருப்பது வேறு வகை, இது சூட்டைக் கூடுதலாகத் தாங்கும் வகை, உள்ளேயே காவலுக்கு ஒரு சர்க்யூட் இருக்கிறது என்றான். இதைக் கண்டுபிடித்த குழுவுக்குத் தலைமை தாங்கியவர் ஜான் குடினஃப். லித்தியம் பேட்டரி வேலைக்காக 2019-ல் நோபல் பரிசு வாங்கும்போது அவருக்கு வயது 97. "அப்போ உங்களுக்கு இன்னும் டைம் இருக்கு மாமா" என்றான்.

கையேட்டை நான்தான் படித்தேன். பூஜ்யம் டிகிரிக்குக் கீழே சார்ஜ் செய்யாதீர்கள் என்று தடித்த எழுத்தில் இருந்தது. "மார்கழியில ஜாக்கிரதையா இருங்க" என்றாள் என் மனைவி. எங்களுக்குப் பொருந்துகிற எச்சரிக்கை அடுத்த பக்கத்தில் இருந்தது: வெயிலில் மூடிய வண்டிக்குள் விடாதீர்கள். சித்திரை வெயிலில் நிறுத்திய ஆம்னிக்குள் ஈயமும் சரி, லித்தியமும் சரி, ஆயுள் குறைந்துதான் போகும். இது நாலு கிலோதான் என்பதால் வேலை முடிந்ததும் கழற்றி மாடிக்கே கொண்டு வந்துவிடலாம். மிக்ஸிக்குப் பக்கத்தில் வைத்துச் சொருகினால் ராத்திரிச் சாப்பாடு முடிந்து டிவி சீரியல் ஓய்வதற்குள் நிறைந்துவிடுகிறது. ஓட்டும்போதே ஏற்றிக்கொள்ள ஆசைப்பட்டால் ஆல்டர்னேட்டரிலிருந்து நேராக இழுக்கக் கூடாது. லித்தியம் வாங்குகிற வேகத்தில் ஆல்டர்னேட்டர் சூடேறிவிடும்; நடுவில் டிசி-டிசி சார்ஜர் வேண்டும். மச்சான் அந்த ஆசையே படவில்லை. மூன்று தொட்டித் தண்ணீருக்கு ஒரு ராத்திரிச் சார்ஜ் போதும் என்கிறான். காலண்டர் தாளில் என் மகள் போட்ட கணக்கும் அதுதான்.

150 ஏஹெச் இப்போது எங்கள் வீட்டு இன்வர்ட்டரில், மாடிப்படிக்குக் கீழே காற்றோட்டமான இடத்தில் உட்கார்ந்திருக்கிறது. அது பிறந்ததே அந்த வேலைக்குத்தான், நன்றாக உழைக்கிறது. அங்கே முன்பு இருந்த பழைய பேட்டரியைப் பாய் எடை போட்டு எடுத்துக்கொண்டார். அதைக் காயலான் கடையில் போடாமல் பேட்டரி கடையிலேயே திருப்பிக் கொடுப்பதுதான் முறை. உள்ளே இருக்கும் ஈயம் கண்ட இடத்தில் உருக்கக் கூடிய சரக்கு இல்லை.

வண்டியிலோ தள்ளுவண்டியிலோ பம்பு, விளக்கு என்று எதையாவது மாட்டப் போகிறவர்கள் தயவுசெய்து ஒன்று செய்யுங்கள். ராத்திரி பேட்டரியை எந்த இடத்தில், எந்தப் பிளக்கில், எத்தனை மணி நேரம் சொருகி வைப்பீர்கள் என்பதை முடிவு செய்துகொண்டு கடைக்குப் போங்கள். அது தெரிந்தால் எத்தனை ஏஹெச் என்பதைக் கடைக்காரரே சொல்லிவிடுவார். வீட்டில் பத்தாவது படிக்கிற பிள்ளை இருந்தால் அவரும் வேண்டாம். என்னைக் கேட்கலாமா என்று யாராவது யோசித்தால் வேண்டாம் என்று எழுதிவிடச் சொன்னாள் என் மனைவி. எழுதிவிட்டேன்.